ஒரே சட்டி, பதினைந்து நிமிடம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்த அரிகிருஷ்ணன் கையோடு தூக்கிக்கொண்டு வந்தது ஓர் இரும்புச் சட்டி. மனைவிக்கு ஒரு கைப்பை இல்லை, மகளுக்கு ஒரு பொம்மை இல்லை. நீளக் கைப்பிடி வைத்த, கறுத்த, தூக்கினால் மணிக்கட்டு விட்டுப்போகிற கனத்தில் ஒரு சட்டி. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக்கு வால்வு பழுது பார்க்கும் ஒரு குத்தகைக் கம்பெனி அவனைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. வால்வைப் பற்றி அங்கே என்னத்தைக் கற்றுக்கொண்டான் என்பது யாருக்கும் தெரியாது. சமையலைப் பற்றிக் கற்றுக்கொண்டதுதான் குருபோங்கில் அவர்கள் இருந்த தாமான் என்கிற குடியிருப்பு முழுக்கத் தெரிந்துபோனது.

"ஒரே சட்டிதான் மலர். இறைச்சிய போடு, பக்கத்துலயே உருளைக்கிழங்க போடு, ஒரு துண்டு பட்டர போடு. பதினஞ்சு நிமிஷம். முடிஞ்சிச்சு. நீங்கள்லாம் அடுப்படியில மணிக்கணக்கா நின்னு என்னத்தத்தான் கிண்டுறீங்களோ."

தான் அங்கே தின்றது ஆட்டுக்கறி ஸ்டேக்தான், மாட்டை விரலால்கூடத் தொடவில்லை என்று சத்தியம் வேறு பண்ணினான். யாரும் அவனைக் கேட்கவே இல்லை. கேட்காமலே சத்தியம் பண்ணுகிறவனைப் பற்றி அவன் மனைவி மலர்க்கொடிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்; களைந்து முடித்தாள்.

இந்த ஆள் தன் வாழ்நாளில் அடுப்பைப் பற்றவைத்தது மொத்தம் மூன்று தடவை இருக்கும். மூன்றும் சிகரெட்டுக்காக. அப்படிப்பட்டவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். ரசத்தில் கை வைத்தால், "இதுக்கு ஒரு பாத்திரம்." பொரியலில் கை வைத்தால், "இதுக்கு ஒரு பாத்திரம்." பாத்திரங்களை எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு கேட்பான். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த இரண்டாம் தடவை தொண்டையில் நிற்க வேண்டாமா? நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும்.

மலர்க்கொடி பிறந்தது சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ரப்பர்த் தோட்டத்தில். மூன்றாம் படிவம், ஒன்பதாம் வகுப்பு வரை படித்தாள். பதினெட்டு வயதில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ் தோட்டத்து முனை வரைக்கும் வந்தது, ஏறினாள். அன்று ஏறியவள்தான், பதினைந்து வருடமாக இறங்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சின்னச் சின்னச் சில்லுகளில் ஒட்டுகிற வேலை. ஒட்டியது ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் குப்பைதான். அவள் தட்டில் குப்பை விழுவது அபூர்வம். புதிதாக வருகிற பெண்களையெல்லாம் அவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள். அவர்களும் கற்றுக்கொண்டு, அவளைத் தாண்டி மேலே போய்விடுவார்கள்.

அவள் வீட்டு வேலையைக் கேட்டால் அது வேறு கதை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, ஒரு காயைத் தாளித்து, மகள் பவானிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்து, ஆறு பத்துக்குப் பஸ் ஏறுவாள். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தால் மறுபடியும் அடுப்பு. அரிகிருஷ்ணன் ஐந்தரைக்கு வருவான். வந்து செய்தித்தாளை விரிப்பான். விரித்த தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீளும், தேத்தண்ணிக் கோப்பைக்காக.

ஆரம்பத்தில் அவளும் சும்மா விட்டுவிடவில்லை. வேலை சொல்லிப் பார்த்தாள். துணி காயப்போடச் சொன்னாள். பாதித் துணி சேற்றில் கிடந்தது. அரிசி களையச் சொன்னாள். களைந்த தண்ணீரோடு அரிசியும் சாக்கடைக்குப் போனது. குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னாள். சோப்பு கண்ணில் போய்ப் பிள்ளை தாமானே கேட்கிற மாதிரி கதறியது. ஒவ்வொரு தடவையும் அவன் கையை விரித்துக்கொண்டு நிற்பான். முகத்தில் அப்படி ஒரு அப்பாவிக் களை. "எனக்கு வராது மலர். உன் கை மாதிரி வருமா?" என்பான். வால்வுக்குள் இருக்கிற கடுகளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்த கைக்கு அரிசி களைய வராதாம். அவள் அதை நம்பினாள். தன் கையைப் புகழ்கிறானே என்று சந்தோஷம் வேறு பட்டாள். அந்த நாளை நினைத்தால் மலர்க்கொடிக்கு அவன்மேல் வருகிற எரிச்சலைவிடத் தன்மேல் வருகிற எரிச்சல்தான் அதிகம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கு லைன் லீடர் வேலை ஒரு தடவை வந்தது. பிற்பகல் ஷிப்ட், மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை. வீட்டில் சொன்னாள். அரிகிருஷ்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே போய் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் அவன் கலகலவென்று பேசினான். அந்த வேலை, அவளிடம் கம்பி ஒட்டக் கற்றுக்கொண்ட ஹானாவுக்குப் போனது. ஹானா நல்ல பெண், அக்கா அக்கா என்றுதான் இப்போதும் கூப்பிடுவாள். மலர்க்கொடி ஷிப்ட் முடிந்து வேலையை ஒப்படைத்து, தாளில் கையெழுத்து வாங்க அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். கற்றுக்கொடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

இந்த வருடம், தொண்ணூற்றாறில், அதே வேலை மறுபடியும் வந்தது. புது லைன் திறக்கிறார்கள். ஒரு புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். இதை விட்டால் இனி இந்த வயதில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அரிகிருஷ்ணன் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள்.

"ரெண்டாவது ஷிப்டா?" என்றான். "பவானிய யாரு பாக்குறது?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா பக்கத்து வீட்டு இருசம்மா அக்கா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அஞ்சரைக்கு நீங்கதான் வந்துருறீங்களே."

"அதெல்லாம் சரி லா. ராத்திரி சாப்பாடு? யாரு சமைப்பா? காலையில வச்சது எனக்கு இறங்காது."

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் புதன்கிழமை மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே சட்டி, பதினஞ்சு நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க."

இரண்டு மாதமாகத் தாமானில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தவன், இப்போது என்ன சொல்வான்? பொய் என்று சொல்ல முடியுமா? மானம் கப்பலேறிவிடாதா?

"ஞாயித்துக்கிழமை நீங்க சமைங்க," என்றாள் மலர்க்கொடி. "நான் உக்காந்து சாப்பிடுறேன். தட்டுல வச்சத முழுசா சாப்பிட்டு எந்திரிச்சேன்னா திங்கக்கிழமை கையெழுத்து போடுறேன். என்னால முடியலன்னா விட்டுருறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

"போடுறேன் லா," என்றான். "ஸ்டேக் போடுறது என்ன பெரிய கம்பசூத்திரமா? அக்காவையும் மாமாவையும் வரச் சொல்லு. அவங்களும் பாக்கட்டும்."

வீறாப்பில் சொல்லிவிட்டான். சொன்னதன் அர்த்தம் அவன் மண்டையில் ஏற ஒரு ராத்திரி ஆனது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உம்மென்று இருந்தான். நன்றாகச் சமைத்தால் வேலை தன் தலையில் விழும். சமைக்க மாட்டேன் என்றால் விட்ட கதையெல்லாம் பொய்யாகிவிடும். பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தவன் முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு வந்தது. மலர்க்கொடி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சேற்றில் துணி கிடந்த அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த அதே களை. கெடுத்துவிடலாம் என்று கண்டுபிடித்துவிட்டான். கெடுத்துவிட்டு, எனக்கு வராது மலர், உன் கை மாதிரி வருமா என்று நின்றால் தீர்ந்தது. அன்று அவளால் ஒரு வாய் சோறுகூட இறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிகிருஷ்ணன் பாசாருக்குப் போனான். பவானியும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள். ஆட்டிறைச்சி விற்கிற ஷம்சுதீன் பாய், எப்போதும் போலக் குழம்புக்கு எலும்போடு துண்டு போடக் கத்தியை ஓங்கியிருக்கிறார். இவன் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறான்.

"தொடையில, ரெண்டு விரல் கனத்துக்கு, பட்டையா அறுத்து குடுங்க பாய். எலும்பு வேணாம். ஸ்டேக் போடுறேன்."

"தம்பி, இது முத்துன கிடா," என்றாராம் ஷம்சுதீன் பாய். "நல்ல ருசி, ஆனா குக்கர்ல ஆறு விசில் கேக்கும். நீங்க சொல்றதுக்கு இளங்குட்டியாச்சும் வேணும். அடுத்த வாரம் வேணா சொல்லி வைக்கிறேன்."

"நான் ஆஸ்திரேலியாவுலயே போட்டிருக்கேன் பாய். எனக்கு தெரியும்."

பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டாராம். அறுத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார். சாயங்காலம் அந்த ஐந்து பட்டைகளையும் தட்டில் பார்த்ததுமே மலர்க்கொடிக்குத் தெரிந்துவிட்டது. நரம்பு வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டவே அரிவாள் வேண்டும். தெரியாமல் வாங்கினானா, தெரிந்தே வாங்கினானா? கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. வேண்டுமென்றே கெடுக்கப் புறப்பட்டவனுக்கு அந்தச் சிரமமே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை.

ஐந்து மணிக்கு அவனுடைய அக்கா பாக்கியலட்சுமியும் அவள் கணவர் அங்கமுத்துவும் வந்தார்கள். அங்கமுத்து லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், மேல்வரிசை முழுக்கக் கட்டிய பல். பாக்கியலட்சுமி வாசல் தாண்டும்போதே மூக்கை உயர்த்திச் சமையலை மோப்பம் பிடிக்கிறவள். தம்பி அடுப்படியில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பதையும், மலர்க்கொடி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன மலரு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்கி அவுங்க சமைக்கிறாங்க."

"நல்லா இருந்தா ஏன் உக்காந்திருக்க?"

கேள்வியைப் பாருங்கள். பதினோரு வருடமாக அந்த வீட்டுக்கு வந்து போகிறவள், மலர்க்கொடி உட்கார்ந்து பார்த்ததே இல்லையென்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். அது அவளுக்கு உறைக்கவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போனாள்.

உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மலர்க்கொடிக்கு அன்றுதான் தெரிந்தது. பதினைந்து வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவளுக்குச் சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தமும் அவளைப் பிடித்து இழுத்தது.

"மலர், உப்பு எங்க இருக்கு?"

"அடுப்புக்கு மேல, வலது பக்கம்."

"மிளகுத்தூள்?"

"அதுக்குப் பக்கத்துல."

"கத்தி?"

பதினோரு வருடம் குடியிருந்த வீட்டில் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதன். விட்டிருந்தால் அடுப்பு எங்கே என்றும் கேட்டிருப்பான். மலர்க்கொடி இடத்தைச் சொன்னாள். எழுந்திருக்கவில்லை.

பிறகு பாக்கியலட்சுமியின் குரல் கேட்டது. "என்னடா இது, கறிய கழுவாம சட்டியில போடப்போற?"

"ஸ்டேக்க கழுவக்கூடாதுக்கா. துடைச்சிட்டு அப்படியே போடணும்."

"எவன் சொன்னான்? ரத்தத்தோட போட்டு எங்களுக்கு குடுக்கப் போறியா? இங்க கொண்டா."

ஆஸ்திரேலியா வரை போய்வந்த வீரன் அக்காவிடம் தட்டைக் கொடுத்துவிட்டான். அவள் மஞ்சள் தூளும் உப்பும் போட்டுப் பிசைந்து, நான்கு தண்ணீரில் அலசி, கறி வெளுத்துப்போகும் வரை பிழிந்து, ஊறட்டும் என்று ஒரு பாத்திரம் தண்ணீரிலும் போட்டுவைத்தாள். குழம்பு வைக்கிற வீட்டில் எல்லாரும் செய்வதுதான். மலர்க்கொடியும் கறி எடுத்தால் செய்வதுதான். ஆனால் சொட்டச் சொட்ட அந்தப் பட்டைகளை எடுத்துப் புகை கிளம்பக் காய்ந்த இரும்புச் சட்டியில் யாரும் போடமாட்டார்கள். அரிகிருஷ்ணன் போட்டான்.

எண்ணெய் கூரை வரைக்கும் தெறித்தது. பாக்கியலட்சுமி பின்கட்டுக்கு ஓடினாள். அவன் கைலியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று கரண்டியை நீட்டினான். சட்டி கனமாக இருந்ததே தவிர அகலமாக இல்லை. இரண்டு பட்டை போட்டதும் இடம் நிறைந்துவிட்டது. பக்கத்திலேயே உருளைக்கிழங்கு போடு என்றானே, அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? கிழங்கைக் கறியின் மேலேயே அடுக்கினான். கறியிலிருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கிச் சட்டி குளமாகி, பொரியவேண்டியது கொதிக்க ஆரம்பித்தது. தண்ணீர் வற்றியதும் அடி கருகியது. வெட்டிப் பார்த்தார்கள். வெளியே கரி, உள்ளே பச்சை. மறுபடியும் சட்டிக்குள் போனது. ஐந்து பட்டையும் மூன்று நடையாக வெந்து, மன்னிக்கவும், வேகாமல் வந்து சேர ஏழு மணி ஆனது. வீடு முழுக்கப் புகை. தொட்டியில் பதினொரு பாத்திரங்கள் கிடந்தன.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயமாக இருந்தது. அவன் எப்படிச் சமைத்தால் என்ன, அவள் சாப்பிட்டு எழவேண்டும். தன் வாயால் சொல்லிவிட்டாள். சாப்பிட முடியாவிட்டால் ஹானாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதுதான், ஓய்வு பெறும் வரை.

எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டுக்கு ஒரு பட்டை, பக்கத்தில் இரண்டு அவித்த பயிற்றங்காய், பாதி வெந்த கிழங்கு. அரிகிருஷ்ணன் முள்கரண்டிகூட வாங்கி வந்திருந்தான். அங்கமுத்து கத்தியை வைத்து இழுத்தார். பட்டை தட்டோடு சேர்ந்து மேசைமேல் நகர்ந்தது. ஒருவழியாக ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தாடை அசைந்தது. பிறகு எழுந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மேல்வரிசைப் பல் அவர் சட்டைப் பையில் இருந்தது. பயிற்றங்காயை மட்டும் ஈறால் அரைத்துச் சாப்பிட்டார்.

பாக்கியலட்சுமி ஒரு வாய் மென்றாள், கக்கினாள், தட்டைத் தள்ளினாள்.

"இதை நாய்கூட தின்னாது. மலரு, எந்திரி. எல்லாத்தையும் பொடியா நறுக்கி, மசாலா போட்டு, குக்கர்ல ஆறு விசில் விடு. சோறு இருக்குல்ல? அரை மணி நேரத்துல சாப்பிட்டுறலாம்."

அரிகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தான். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த நிம்மதி முகத்துக்குத் திரும்பியது. கையை விரித்தான்.

"அதான்க்கா நானும் சொல்றேன். என்ன இருந்தாலும் அவ கை மாதிரி வருமா? இந்த வீடு நிக்கிறதே அவளாலதான். அவ ரெண்டாவது ஷிப்டுக்கு போயிட்டா நாங்க பட்டினிதான்."

குரலில் என்ன இனிப்பு, என்ன குழைவு. பாக்கியலட்சுமி தலையை ஆட்டினாள். பல் இல்லாத வாயோடு அங்கமுத்துவும் ஆட்டினார். மூன்று பேரும் மலர்க்கொடியைப் பார்த்தார்கள், அவள் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள் என்று. அவளுக்கே கால் ஒரு கணம் எழப் பார்த்தது. அந்தக் காலை அவள் மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். இந்தப் புகழ்ச்சியைத்தானே ஆரம்பத்தில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் முள்கரண்டியைத் தள்ளிவைத்தாள். பட்டையைக் கையால் எடுத்து, நரம்போடு சேர்த்துக் கடித்து இழுத்தாள். மென்றாள். மஞ்சளும் கரியும் கருகிய பட்டரும் ஒன்றாக நாக்கில் ஒட்டின. மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கினாள். அடுத்த வாய் கடித்தாள்.

"விடு மலர்," என்றான் அரிகிருஷ்ணன். "நீ ஒண்ணும் கஷ்டப்பட வேணாம்."

அவள் வாய் நிறையக் கறி இருந்தது. கடைவாயில் வலி காதுவரை போனது, கண்ணில் தண்ணீர் கோத்தது. நிறுத்தவில்லை. ஒரு பெண் மெல்லுகிறதை மூன்று பெரியவர்களும் ஒரு பிள்ளையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பட்டை முடிந்தபோது அரிகிருஷ்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைசித் துண்டு அவள் வாய்க்குள் போனபோது அவன் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மலர்க்கொடி கிழங்கையும் தின்றாள். தண்ணீர் குடித்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"என்ன நல்லா இருக்கு?" என்றான். குரல் உயர்ந்தது. "பொய் சொல்லாத. அது வேகவே இல்ல. மனுஷன் தின்ன முடியாது அத. அக்கா, நீயே சொல்லு, தின்னுற மாதிரியா இருக்கு? எனக்கு சமைக்கத் தெரியாது, தெரியவே தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

இரண்டு மாதமாகத் தாமான் முழுக்க அளந்த வாய், அக்காவுக்கும் மாமாவுக்கும் பெற்ற மகளுக்கும் முன்னால் அப்படிச் சொன்னது. பவானி தகப்பனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"தெரியலன்னா என்ன," என்றாள் மலர்க்கொடி. "எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா? கத்துக்குங்க. கறி வேணாம்னா ரசத்துலேருந்து ஆரம்பிங்க."

அவள் எழுந்தாள். கையைக் கழுவினாள். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தொடவில்லை. கூடத்தைக் கடந்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். பாக்கியலட்சுமி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அது சரியாகக் காதில் விழவில்லை. யார் கழுவினார்கள் என்று அவள் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையில் மேலாளர் அவள் முன்னால் பாரத்தை வைத்து, வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தானே, போன தடவை மாதிரி ஆகிவிடக்கூடாது என்றார். மலர்க்கொடிக்குத் தாடை வீங்கியிருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.